ஏழு நிமிடம்

நாதெலாவின் வீடு ஆறாவது மாடி.
அந்த லிஃப்ட் காசு போட்டால்தான் ஏறும்,
இறங்குவது இலவசம்.
ஒற்றை நாணயத்துக்கு ஐந்து பேரைத் திணித்துவிட்டு
மூச்சை இழுத்துக்கொள்ளச் சொன்னான் கோச்சா.
சீராவின் கையில் சீஸ் ரொட்டி,
காகிதத்தைத் தாண்டி வெண்ணெய் என் சட்டைக்கு வந்திருந்தது.
அவள் பின்னால் ஒரு புது ஆள்: வாக்தாங்,
அலுவலக நண்பன்,
ஜெர்மனியில் நாலு வருஷம் லாரி ஓட்டியவன்.

மழை. குத்தாயிசி முழுக்க மழை.
பெட்டியைத் திறந்தோம்.
சிவப்புக் காய் ஒன்று எந்த சோபாவுக்குள் போனதோ,
அதற்குப் பதில் ஒரு ராஜ்மா விதை.
வருஷத்துக்கு ஒரு விதை;
பழையது எப்படியோ குழம்புக்குப் போய்விடும்.
விதிப் புத்தகம் ஜெர்மன் மொழியில்.
ஒன்பது வருஷமாய் அதன் வேலை
ஒயின் ஜாடிக்கு அடியில் கிடப்பது.
விதி என்பது கோச்சா சொல்வது:
ஆறு விழுந்தால் பாலம் கட்டலாம்.
இரண்டு பகடையிலும் ஒன்று விழுந்தால்
பக்கத்து ஆளின் கோதுமையைத் திருடலாம்,
திருடியவர் எழுந்து நின்று
மன்னிப்புக் கேட்க வேண்டும்.

வாக்தாங் ஜாடியை நகர்த்தினான்.
ஒயின் வட்டங்களுக்கு நடுவே வாசித்தான்.
ரத்தப் பரிசோதனைத் தாளோடு உட்கார்ந்திருக்கும் டாக்டரைப்போல
அவன் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
"இதில் பாலமே இல்லையே," என்றான்.
"அது வேலி."

நாதெலா சிரித்ததில் ஆடுகள் நாலு சரிந்தன.
ஸ்வியாத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.
ஒன்பது வருஷமும் தோற்றவன்.
"வேலி என்றால் நான் எத்தனை தடவை ஜெயித்திருப்பேன்?"
விரல் மடக்கி எண்ணத் தொடங்கினான்.
கோச்சா உருட்டினான்.
ஆறு.
பாலம் கட்டினான்.

பத்தரைக்கு டேப்.
வீடியோ பெட்டியின் தலையில் ஒரு தட்டு, விலாவில் ஒன்று.
அந்தப் படகுத் தபால்காரன் வந்தான்,
எங்களுக்குப் பதினாலு வயதில் வந்த அதே தொப்பியோடு.
மூடுபனிக்குள் துடுப்பு.
கரையில் மஞ்சள் வீடு. ஒரு நாய் குரைக்கிறது.
கடிதத்தை எடுக்கிறான். கதவு திறக்கப்போகிறது.

கால்பந்து.

நாதெலாவின் அப்பா தெரியாமல் பதிந்த ஏழு நிமிடம்.
யாரோ யாரையோ தடுக்கிறார்கள்,
கோலே விழாத ஏழு நிமிடம்.
அது முடியும்போது தபால்காரன் திரும்பித் துடுப்பு போடுகிறான்,
தலையில் தொப்பி இல்லை,
கையில் அதே கடிதம், நனைந்து.

நடுவில் நடந்ததை நாங்கள்தான் நடிக்க வேண்டும்.
நான் கதவு. கிறீச்சிடுவது என் பொறுப்பு,
அதில் எனக்குப் பெயர் உண்டு.
கிறீச்சிட்டேன்.
சீரா வந்து நின்றாள். வழக்கமாகத்
தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவாள்.
இந்த வருஷம் ஓடவில்லை.
"அந்தப் பெயரில் இப்போது இங்கே யாரும் இல்லை," என்றாள்.
ஸ்வியாத்துக்கு வசனம் மறந்துவிட்டது.
கோல்கீப்பர் சேற்றில் விழுந்தார்.
தொப்பியைத் தானாகவே கழற்றி அவளிடம் கொடுத்தான்,
அது நாதெலாவின் குக்கர் உறை.

அப்போதுதான் பார்த்தேன்:
வாக்தாங்கின் விரல்கள் சட்டைப் பையில்
கட்டைவிரல் அளவு ஒரு பென் டிரைவை
வெளியே எடுப்பதும் உள்ளே தள்ளுவதுமாக.
பிறகு தள்ளிவிட்டுப் பொத்தானைப் போட்டான்.

இரவில் லிஃப்டை நம்பாத மற்றவர்கள்
படிக்கட்டில் கத்திக்கொண்டே இறங்கினார்கள்.
நானும் அவனும் இலவசத்தில்.
"முழுப் படமும் இருக்கிறதா?"
"இருக்கிறது."
"அந்தத் தொப்பி?"
ஐந்து, நாலு.
"காற்றில் போய்விடுகிறது. அவ்வளவுதான்."
மூன்று.
இரண்டு.
"பொய் சொன்னேன்," என்றான்.
மேலே நான் கேட்கவில்லை.

வாசலில் மழை விட்டிருந்தது.
"அடுத்த வருஷம் எனக்கு என்ன வேஷம்?"
"நாய்," என்றேன். "இதுவரை அதற்கு ஆள் இல்லை."
ரியோனிப் பாலம் தாண்டும்வரை
குரைத்துப் பார்த்துக்கொண்டே வந்தான்,
முதலில் மெதுவாக.